பெற்றோரின் வாசிப்பும் குழந்தையின் தொடக்க எழுத்தறிவும்

தொடக்க எழுத்தறிவு என்பது, குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே எழுத்தைப் பற்றிப் பெற்றிருக்கும் அறிவாகும். புத்தகத்தை எப்படிப் பிடிப்பது, வரி எங்கே தொடங்குகிறது, தாளில் உள்ள குறிகள் பேச்சைக் குறிக்கின்றன என்பன போன்றவை இதில் அடங்கும். நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே 1966-ஆம் ஆண்டு ஆய்வில் இக்கருத்தை முன்வைத்தார். இவற்றைப் பெரும்பாலும் யாரும் பாடமாக நடத்துவதில்லை. வீட்டில் படிப்பவர் ஒருவர் இருந்தால், அவர் மடியில் உட்கார்ந்தே குழந்தை கற்றுக்கொள்கிறது.

தமிழ்க் குழந்தைக்கு இந்த முன்னறிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது. 247 எழுத்துகள் என்றதும் பலர் மலைக்கிறார்கள். அதைவிடப் பெரிய தடை, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் "வந்துட்டாங்க" என்று கேட்டு வளர்ந்த குழந்தை, பாடநூலில் "வந்துவிட்டார்கள்" என்று காண்கிறது. எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் அச்சொல் அதற்குப் பழக்கமில்லாததாகவே நிற்கும். தாயோ தந்தையோ கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக் கேட்ட குழந்தைக்கு அந்த நடை முன்பே காதில் விழுந்திருக்கும். பேச்சில் "வாளப்பளம்" என்றே கேட்டிருந்தாலும், ழகரம் என்று ஓர் ஒலி உண்டு என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும்.

உரக்கப் படிப்பது நமக்குப் புதிதன்று. எழுத்தறிந்தவர் ஒருவர் 'பெரிய எழுத்து' விக்கிரமாதித்தன் கதையைத் திண்ணையில் படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்ட காலம் உண்டு.

இதற்குப் பெற்றோர் பட்டம் பெற்றிருக்க வேண்டுமா? 27 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, புத்தகங்கள் நிறைந்த வீட்டுக் குழந்தைகள் புத்தகமே இல்லாத வீட்டுக் குழந்தைகளைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கூடுதலாகப் படிப்பதாகக் கண்டது. பெற்றோரின் கல்வியையும் தொழிலையும் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது. ஆனால் அலமாரியில் அடுக்கிப் பூட்டிய புத்தகம் எதையும் செய்யாது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "படி, படி" என்று அதட்டுவதும் அப்படித்தான்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் தாயும் தந்தையும் ஷிப்ட் வேலைக்குச் செல்லும் வீடுகள் பல. தறிச் சத்தத்தில் கதை படிப்பது எளிதன்று. ஆனாலும் வழி இருக்கிறது. பேருந்துப் பலகையில் 'சேலம்' என்பதை விரல் வைத்துக் காட்டலாம். படிக்கத் தெரியாத தாய், அக்கா தம்பிக்குப் படிப்பதைக் கூட உட்கார்ந்து கேட்டு, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வி, கதை தாய்க்கும் பிடிக்கிறது என்பதைக் குழந்தைக்குச் சொல்லிவிடும்.

படிக்கும் பெற்றோர் மட்டுமே ஒரே வாசல் என்றும் கொள்ளக்கூடாது. திருச்செங்கோட்டுப் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் பெருமாள்முருகன், சிறுவயதில் எழுதிய குழந்தைப் பாடல்கள் திருச்சி வானொலியில் ஒலிபரப்பாயின. பெருந்தொற்றுக்குப் பின் 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், தன்னார்வலர்கள் குடியிருப்புகளுக்கே வந்து மாலையில் கற்பித்தார்கள். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வளர்ந்த ஊர்ப்புற, கிளை நூலகங்களிலும் சிறுவர் நூல்கள் உள்ளன. விடுமுறை நாளில் குழந்தையை அங்கே அழைத்துச் சென்று, புத்தகத்தை அதன் கையாலேயே எடுக்கவிட்டால் போதும். எதை எடுக்கிறது என்பதில் பெரியவர்கள் தலையிட வேண்டியதில்லை.