பல்கலைக்கழகத்திற்குப் போகும் வழி



பிள்ளைகளைப் படிக்க வைப்பதன் அவசியம் பற்றி இந்த வேளையில் பலரும் பேசியிருக்கிறார்கள். நாம் இன்று அதைவிடச் சிறிய காரியம் ஒன்றைப் பேசப் போகிறோம். பிள்ளை படிக்க விரும்பும் பல்கலைக்கழகத்தை, சொந்தக் கார் இல்லாமல், பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பார்த்துவிட்டு, அன்றே தோட்டத்துக்குத் திரும்புவது எப்படி?

இதற்கு ஒரு பேச்சு வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். நாம் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் படித்துச் சென்ற ஒரு பெண்ணுக்குக் கோலாலம்பூரில் நேர்முகத் தேர்வு வந்தது. தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று மகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். விசாரித்து விசாரித்து ஏறி இறங்கி, வளாகத்தை அடைந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. உணவு நேரம், அலுவலகம் பூட்டியிருந்தது. மாலையில் யாரோ ஒரு நல்லவர் இரக்கப்பட்டு அந்தப் பெண்ணை அழைத்துக் கேள்வி கேட்டார். ஆனால் திரும்பி வரும்போது கடைசி பஸ் போய்விட்டது. அப்பாவும் மகளும் விடியும்வரை பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தபோது, "அவ்வளவு தூரம் வேண்டாம் சார்" என்று அவர் சொல்லிவிட்டார். கணக்கும் இலக்கணமும் கற்பித்த நாம் அந்தப் பிள்ளைக்கு வழியைக் கற்பிக்காமல் விட்டுவிட்டோம். அந்தக் குறை இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே ஒரு பயணத்தை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்திற்குப் போவதாக வைத்துக்கொள்வோம்.

தஞ்சோங் மாலிம் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏற வேண்டும். வண்டியில் 'பெலாபுஹான் கிள்ளான்' என்று எழுதியிருக்கும். ராசா, ரவாங், சுங்கை பூலோ, கே.எல். சென்ட்ரல் எல்லாம் கடந்து போகும் வண்டி அது. கே.எல். சென்ட்ரலில் இறங்கியும் எல்.ஆர்.டி. ரயிலுக்கு மாறலாம். ஆனால் அது மிகப் பெரிய நிலையம். புதியவர்களுக்குத் தலை சுற்றும். அதற்கு அடுத்த நிலையமான அப்துல்லா ஹுக்கும் சிறியது. அங்கே இறங்கி, நடைபாதை வழியாகவே எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் போய்விடலாம். அடையாளம் ஒன்று சொல்லுகிறோம்: சன்னலில் 'அங்காசாபுரி' என்ற பெயர்ப் பலகை தெரிந்தால், ஒரு நிலையம் தாண்டி, நம் வானொலி நிலையத்துக்கே வந்துவிட்டீர்கள் என்று பொருள்!

எல்.ஆர்.டி.யில் புத்ரா ஹைட்ஸ் செல்லும் பக்கம் ஏறினால், முதலில் கெரிஞ்சி, இரண்டாவது யுனிவர்சிட்டி. பெயர்தான் யுனிவர்சிட்டி, இறங்கியவுடன் பல்கலைக்கழகம் எதிரே நிற்காது. அங்கிருந்து வளாகத்துக்குள் போகும் சிற்றுலா பஸ் பிடிக்க வேண்டும். பஸ் எண்கள் மாறுவதுண்டு. ஆகையால் அன்றைய எண்ணை நிலையத்துப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழி இவ்வளவுதான். இனி நேரக் கணக்கு. நம்மில் பெரும்பாலோர் காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்றுதான் முதலில் யோசிக்கிறோம். கணக்கைக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

தஞ்சோங் மாலிமிலிருந்து உங்கள் தோட்டப் பக்கம் வரும் கடைசி பஸ் மாலை 6.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்கு நீங்கள் ரயிலை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ரயில் பயணத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்கினால், 4 மணிக்கு ஏற வேண்டும். அந்த வண்டி தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். எனவே 3 மணி வண்டியையே குறி வையுங்கள். வளாகத்திலிருந்து அப்துல்லா ஹுக்கும் வந்து சேர 1 மணி நேரம். ஆக, பிற்பகல் 2 மணிக்கு வளாகத்தை விட்டுப் புறப்பட வேண்டும். காலையிலும் இதே 3 மணி நேரம் பிடிக்கும். 7 மணிக்கு ரயில் ஏறினால் 10 மணிக்கு வளாகத்தில் இருக்கலாம். அலுவலகங்களில் பிற்பகல் 1 மணி முதல் 2 மணிவரை உணவு நேரம். எனவே உங்கள் கையில் இருப்பது 3 மணி நேரம். அது போதும். வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று தொழுகைக்காக இடைவேளை நீளும். சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை.

உங்கள் கடைசி பஸ் வேறு நேரமாக இருக்கலாம். ஓட்டுநரிடமே கேட்டு, அந்த நேரத்தைப் போட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். பஸ்ஸே வராத தோட்டமாக இருந்தால், அழைத்துவர ஒருவரை முதல் நாளே பேசி வையுங்கள்.

அடுத்தது, பணம். கோலாலம்பூரில் ரேபிட் பஸ்களில் காசு வாங்க மாட்டார்கள். 'டச் என் கோ' அட்டை வேண்டும். ஓர் அட்டையில் இரண்டு பேர் ரயிலேற முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். போக வர ஆகும் பணத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள். ரயிலில் நுழையும்போதும் வெளியே வரும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும். அடையாள அட்டை, சோற்றுப் பொட்டலம், தண்ணீர், குடை இவற்றையும் மறவாதீர்கள்.

வளாகத்தில் இறங்கியதும் "பல்கலைக்கழகம் எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. நம் தோட்டத்துக்கு வருகிறவரிடம் எந்த டிவிஷன் என்று நாம் கேட்பதில்லையா? அதுபோல, எந்தத் துறை, எந்தக் கட்டடம் என்பதை மலாய் மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்னதாகத் தொலைபேசியில் அழைத்து, வருகிற நாளையும் சொல்லிவிடுங்கள். அலுவல் முடிந்ததும் நூல்நிலையத்தையும் தங்கும் விடுதியையும் வெளியிலிருந்தாவது பாருங்கள். வழி கேட்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். பெற்றோர் உடன் நின்றால் போதும். அடுத்த முறை தனியே வரப்போவது அந்தப் பிள்ளைதான்.

அது நமக்கு அந்நியமான இடமன்று, நேயர்களே. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதில் இந்திய இயல் துறை 1956இல் அமைந்து, பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. அந்தத் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளியாகக் கொடுத்தவர்களில் உழைத்துப் பிழைத்த எளியவர்கள் ஏராளம். அதே துறையில் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நம் பாட்டன்மார் வெள்ளி கொடுத்த இடத்துக்கு நாம் தயங்கித் தயங்கிப் போக வேண்டியதில்லை.

கடிதம் வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நான்காம் படிவத்திலோ ஐந்தாம் படிவத்திலோ, பள்ளி விடுமுறையில் ஒரு நாள், தாயோ தகப்பனோ பிள்ளையுடன் போய் வாருங்கள். ஒரு நாள் சம்பளம் போகும், உண்மைதான். ஆனால் ஒருமுறை போய்த் திரும்பிய வழி அடுத்த முறை பாதித் தூரமாகத் தெரியும். கடிதம் வரும் நாளில், "அவ்வளவு தூரமா?" என்று கேட்கத் தோன்றாது. "காலை 7 மணி ரயில்தானே?" என்றுதான் கேட்பீர்கள்.