விழுகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?



"விழுந்து முளைக்கிற பல்தானே, இதற்கு எதற்கு வைத்தியம்?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். சிறு பிள்ளைகளின் பல் பராமரிப்புக்கு முதல் தடை இந்த எண்ணமே. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பல் துலக்கிவிடுவது எளிதல்ல என்பது உண்மைதான். ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் பிள்ளை படும் பாடு அதைவிடப் பெரிது. ஆகவே முதல் பல் முளைப்பது முதல் மூன்று வயது வரை செய்ய வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

பால் பற்கள் ஏன் முக்கியம்?

முதல் பல் பெரும்பாலும் ஆறாம் மாத அளவில் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்தாலும், கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. மெல்லுவதற்கு அவை தேவை. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவையே. அவற்றைச் சீக்கிரம் இழந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கலாம்.

பால் பல்லின் எனாமல் மெல்லியது. சொத்தை விரைவில் நரம்பு வரை இறங்கிவிடும். இந்த வயதில் பிள்ளைக்குத் தன் வலியைச் சொல்லத் தெரியாது. சோற்றைத் துப்பும், ஒரு பக்கமாகவே மெல்லும், இரவில் எழுந்து அழும். "சாப்பிடவே மாட்டேன் என்கிறான்" என்று தூக்கி வரப்படும் பிள்ளைகளில் சிலருக்குக் கோளாறு வயிற்றில் இல்லை, வாயில் இருக்கிறது. சீழ் பிடித்து முகம் வீங்கினால் மருத்துவமனையில் சேர்க்கவும் நேரிடலாம்.

சொத்தை எப்படி வருகிறது?

"பூச்சி அரித்துவிட்டது" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பல்லில் பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எவ்வளவு இனிப்பு என்பதோடு, நாளுக்கு எத்தனை முறை என்பதும் முக்கியம்.

அதிகத் தீங்கு செய்வது இரவில் தரும் பால்புட்டி. சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றி, அதை வாயில் வைத்தபடியே பிள்ளையைத் தூங்கவிடுகிறோம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் பால் பற்களைச் சுற்றித் தேங்குகிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. அதனால் மேல் முன்பற்களே முதலில் கெடுகின்றன. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பால்புட்டி விளம்பரத்தைத் தடை செய்தது. ஆனாலும் புட்டி நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. தேன் தடவிய சூப்பான், அடிக்கடி தரும் ரஸ்க்கும் பிஸ்கட்டும், படுக்கும் முன் கொடுக்கும் இனிப்பு மருந்து ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன.

தாய்ப்பாலை இதற்காக நிறுத்த வேண்டாம். இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல் முளைத்த பிறகு பற்களைத் தினமும் சுத்தம் செய்தால் போதும்.

அடம் பிடிக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது?

1. நின்றபடி துலக்க முயல வேண்டாம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையின் தலை உங்கள் மடியில் இருக்கும்படி மல்லாக்கப் படுக்கவையுங்கள். வாய் முழுவதும் தெரியும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவர் கைகளை மெதுவாகப் பிடித்துக்கொள்ளலாம்.

2. பிள்ளையின் கையிலும் ஒரு பிரஷ் கொடுங்கள். முதலில் பிள்ளை துலக்கட்டும். பிறகு நீங்கள் துலக்கிவிடுங்கள். ஏழு வயது வரை பெரியவர் உதவி தேவை.

3. விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாய்க்குக் காலையில் நேரமிராது. அப்போது பாட்டியோ அக்காவோ துலக்கிவிடலாம். இரவில் துலக்குவதை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். அதற்குப் பின் தண்ணீர் மட்டுமே.

4. புட்டியை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு பாலில் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இறுதியில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். ஒரு வயது முதல் டம்ளரில் குடிக்கப் பழக்குங்கள்.

5. சாம்பல், செங்கல் தூள், கரி, உப்பு வேண்டாம். அவை பல்லையும் ஈறையும் தேய்த்துப் புண்ணாக்கும். மிருதுவான சிறிய பிரஷ்ஷில், ஃப்ளூரைடு உள்ள பற்பசையை ஓர் அரிசி மணி அளவே தடவுங்கள். மூன்று வயதுக்குப் பின் பட்டாணி அளவு வைக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்த ஊர்கள் உண்டு. அங்கே வசிப்போர் பற்பசையைப் பற்றிப் பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே சொத்தையின் ஆரம்பம். அந்த நிலையில் சொத்தையை நிறுத்திவிடலாம். பல் மருத்துவர் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசுவார், வீட்டில் உணவுப் பழக்கத்தை மாற்ற வேண்டும். பழுப்பு நிறக் குழி விழுந்த பிறகும் வழியுண்டு. சில்வர் டையமின் ஃப்ளூரைடு என்ற மருந்தைத் தொட்டு வைத்தால், ஊசியும் இயந்திரமும் இல்லாமலே பல சொத்தைகள் நின்றுவிடுகின்றன. சொத்தையுள்ள இடம் கறுத்துப்போகும். அதைப் பெற்றோருக்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்னும் தாமதித்தால், பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல பற்களை ஒரே நேரத்தில் எடுக்கவோ அடைக்கவோ வேண்டிவரும். ஏழைக் குடும்பத்துக்கு அது பெருஞ்செலவு. கூலி போகும், பிள்ளைக்கும் பயம். இவ்வளவையும் தடுக்க ஒரு சிறிய பிரஷ்ஷும், அரிசி மணி அளவு பற்பசையும், தினமும் இருமுறை இரண்டு நிமிடமும் போதும்.

அன்பான நண்பர்களே, ஏழைப் பிள்ளைகளின் வைத்தியத்துக்கு உதவும் நீங்கள், இந்தச் செய்தியையும் பிறருக்குச் சொல்லி உதவலாம். அங்கன்வாடிக்கு வரும் தாய்மாரிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் பேரப்பிள்ளை இன்று மடியில் ஏறி உட்காரும்போது, அந்தச் சின்ன உதட்டையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.