புதைத்தவர்கள் திரும்பவில்லை!

கூரை இடிந்து விழுந்துவிட்டது. சுவரில் செடி முளைத்துவிட்டது. வாசலில் முழங்கால் உயரம் புல். அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று ஊராருக்கே தெரியாது.

இப்படிப்பட்ட பாழடைந்த வீடுகளையும், வீடு இருந்த மேடுகளையும் தேடிப் போகிறவர்கள் இங்கிலாந்தில் பலர் உண்டு. அவர்கள் வீடு வாங்கப் போவது இல்லை. பேய் பார்க்கவும் போவது இல்லை. மண்ணுக்குள் கிடக்கும் பழைய பொருள்களைத் தேடிப் போகிறார்கள்!

கையில் ஒரு நீண்ட கோல். கோலின் அடியில் தட்டு போல ஒரு வட்டம். காதில் ஒலி கேட்கும் கருவி. தரையை ஒட்டித் தட்டை இடமும் வலமும் அசைத்தபடி மெல்ல நடக்கிறார்கள். காதில் சத்தம் கேட்டால் நிற்கிறார்கள். குனிகிறார்கள். தோண்டுகிறார்கள்.

மண்ணுக்குள் இருப்பது எப்படித் தெரிகிறது?

கருவி வேலை செய்வது எப்படி?

அந்தத் தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாயும்போது, சுற்றிலும் காந்த சக்தி பரவும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால், அந்தக் காந்த சக்தியால் உலோகத்திலும் மிகச் சிறிய அளவு மின்சாரம் உண்டாகும். அதைக் கருவி உணர்ந்து கொண்டு சத்தம் போடும். ரெயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் போலீசார் "மெட்டல் டிடெக்டர்" வைத்துச் சோதனை செய்கிறார்களே, அதே தத்துவம்தான்.

தங்கத்துக்கும் சத்தம் போடும். துருப்பிடித்த ஆணிக்கும் சத்தம் போடும்! இந்தக் காலத்துக் கருவிகள் இரண்டையும் ஓரளவு பிரித்துக் காட்டும். ஆனாலும் ஏமாற்றம்தான் அதிகம். பழைய வீட்டைச் சுற்றித் தோண்டினால் ஆணி வரும். சட்டைப் பித்தான் வரும். கதவுக் கொக்கி வரும். எப்போதாவது ஒரு செப்புக் காசு வரும். அவை எல்லாம் அங்கே வாழ்ந்தவர்களின் கையிலிருந்து தவறி விழுந்தவை.

தவறி விழாமல், வேண்டுமென்றே புதைத்து வைத்தவையும் உண்டு. அவைதான் புதையல்.

சுத்தியலைத் தேடினார்

இங்கிலாந்தில் சபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித் தரும்படி நண்பர் எரிக் லாசிடம் சொன்னார்.

எரிக் லாஸ் ஓய்வு பெற்ற தோட்டக்காரர். ஓய்வு பெற்றபோது அவருக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் அன்பளிப்பாகக் கிடைத்திருந்தது. 1992-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதை எடுத்துக் கொண்டு வயலில் இறங்கினார்.

கருவி சத்தம் போட்டது. தோண்டினார். வந்தது சுத்தியல் அல்ல. காசுகள்! வெள்ளிக் கரண்டிகள்! தங்கச் சங்கிலிகள்!

மற்றவராக இருந்தால் விடிய விடியத் தோண்டி இருப்பார். எரிக் லாஸ் பாதியில் நிறுத்திவிட்டார். நண்பரும் அவரும் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள். மறுநாளே தொல்பொருள் நிபுணர்கள் வந்து முறைப்படி தோண்டினார்கள்.

ஏறத்தாழ 15 ஆயிரம் காசுகள் இருந்தன. வெள்ளிச் சாமான்களும் தங்க நகைகளுமாகச் சுமார் 200 பொருள்கள் இருந்தன. எல்லாம் ரோமானியர் காலத்தவை!

அவர் பாதியில் நிறுத்தியதால் இன்னொரு லாபமும் கிடைத்தது. எந்தப் பொருள் எதன் மேல் இருந்தது என்று நிபுணர்கள் குறித்துக் கொண்டார்கள். மரப்பெட்டி மக்கிப் போயிருந்தது. ஆனாலும், பொருள்கள் ஒரு பெட்டியில் பக்குவமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்று தெரிந்தது. யாரோ ஒரு பணக்காரக் குடும்பத்தார், அவசரப்படாமல், திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்துடன் புதைத்திருக்கிறார்கள்.

காசுகளில் கடைசியானவை கி.பி. 407, 408-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பிரிட்டனில் ரோமானியர் ஆட்சி ஆட்டம் கண்ட நேரம் அது. பயந்து புதைத்தவர்கள் திரும்பவே இல்லை. ஒரு தங்க வளையலில் "ஜூலியானா" என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது.

நம் நாட்டு மிளகு

அந்தப் புதையலில் மிளகுத்தூள் வைக்கும் வெள்ளிப் பாத்திரங்கள் நான்கு இருந்தன. ஒன்று, ஒரு சீமாட்டியின் உருவத்தில் செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் ரோமானியரின் மிளகு இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கப்பல் ஏறிப் போயிற்று. சேர நாட்டு முசிறித் துறைமுகம் அந்த வியாபாரத்துக்குப் பேர் பெற்றது. நம் பக்கத்து மிளகைத் தூவிச் சாப்பிட்ட குடும்பம் அது!

புதையலுக்கு இங்கிலாந்து பணத்தில் 17½ லட்சம் பவுன் வெகுமதி கொடுக்கப்பட்டது. அதை எரிக் லாஸ் தன் நண்பருடன் பங்கிட்டுக் கொண்டார். புதையல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயிற்று.

சுத்தியல் என்ன ஆயிற்று? அதுவும் கிடைத்தது. அதுவும் மியூசியத்துக்கே போயிற்று!

ஐந்து பேருக்குத் தெரிந்த ரகசியம்

ஹாக்ஸன் புதையலுக்கு உரியவர்களைத் தேட வழி இல்லை. 1,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனால் உரியவரிடமே திரும்பிப் போன புதையலும் உண்டு. அது லண்டனில், ஒரு வீட்டுத் தோட்டத்தில், மண்வெட்டிக்கு அகப்பட்டது.

ஜெர்மனியில் இட்லர் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி லண்டனில் குடியேறியவர் மார்ட்டின் சல்ஸ்பாக்கர். அவர் யூதர். 1940-ம் ஆண்டு, ஜெர்மனியில் பிறந்தவர் என்பதற்காக, இங்கிலாந்து அரசாங்கம் அவரைக் காவலில் வைத்துக் கடல் கடந்து அனுப்பியது.

ஜெர்மன் படை இங்கிலாந்துக்குள் புகுந்துவிடும் என்று எங்கும் பயம். மார்ட்டினின் சகோதரர், குடும்பத்தின் தங்கக் காசுகளைப் பெட்டகத்திலிருந்து எடுத்து வந்து, ஹாக்னி பகுதியில் இருந்த வீட்டின் தோட்டத்தில் புதைத்தார். எந்த இடம் என்று ஒரு நண்பர் கேட்டார். "ஐந்து பேருக்குத் தெரியும், ஐந்து பேருமா செத்துவிடுவார்கள்?" என்ற கருத்தில் சகோதரர் பதில் சொன்னாராம்.

1940 செப்டம்பர் 24-ந் தேதி வீட்டின் மேல் நேராகக் குண்டு விழுந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள்!

விடுதலையாகி வந்த மார்ட்டின் தோட்டத்தில் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. 1952-ல் அங்கே ஒரு ஜாடியில் 82 பொற்காசுகள் அகப்பட்டு, அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள்.

2007-ம் ஆண்டு. அங்கே வசித்தவர்கள் தோட்டத்தைத் தோண்டியபோது ஒரு கண்ணாடி ஜாடி வந்தது. உள்ளே காகிதத்தில் சுற்றிய 80 அமெரிக்கப் பொற்காசுகள்! அவர்கள் ஒளிக்கவில்லை. அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். விசாரணை நடந்தது. 1952-ம் ஆண்டுச் செய்தி துப்பாக உதவியது. மார்ட்டின் அதற்குள் இறந்து போயிருந்தார். 2011-ல் காசுகள் அவருடைய மகனுக்குச் சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. காசுகளில் ஒன்றைக் குடும்பத்தார் ஹாக்னி மியூசியத்துக்குக் கொடுத்தார்கள்.

ஒளித்தவர்கள் கதி

இங்கிலாந்தில் புதையல் கிடைத்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இது 1996-ம் ஆண்டுச் சட்டம். பிறர் நிலத்தில் தேட, நிலத்துச் சொந்தக்காரரின் அனுமதியும் வேண்டும்.

2015-ம் ஆண்டு, ஹெரிபோர்டுஷயர் மாவட்டத்தில் இரண்டு பேருக்கு ஒரு புதையல் அகப்பட்டது. 1,100 ஆண்டுகளுக்கு முந்திய காசுகளும் தங்க நகைகளும் அதில் இருந்தன. இவர்கள் முழு உண்மையைச் சொல்லவில்லை. ரகசியமாக விற்றார்கள். செல்போனிலிருந்து அழித்துவிட்ட படங்களைப் போலீசார் மீட்டெடுத்தார்கள். 2019-ல் இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது.

சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கருதப்பட்டது. வழக்கின்போது கையில் இருந்தவை 31 மட்டுமே! அவை எந்தப் பாத்திரத்தில், எந்த வரிசையில் கிடந்தன என்ற விவரம் எங்கும் எழுதப்படவில்லை. ஜூலியானாவின் பெயராவது மிஞ்சியது. இங்கே புதைத்தவரின் கதையையும் சேர்த்துத் தோண்டி எறிந்துவிட்டார்கள்.