கடித்தது நாய், கம்பி எண்ணுவது யார்?

விடியற்காலை முதல் ஷிப்டுக்குப் போகிறீர்கள். வழியில் ஒரு பங்களாவின் கேட் திறந்து கிடக்கிறது. உள்ளேயிருந்து பாய்ந்து வந்த நாய் உங்கள் காலைக் கவ்விவிடுகிறது. வீட்டுக்காரர் நூறு ரூபாயை நீட்டி, "ஊசி போட்டுக்கொள்" என்கிறார். ஊர் வேறு, பாஷை வேறு. நமக்கு ஏன் வம்பு என்று நொண்டிக்கொண்டே போய்விடுகிறோம்.

அப்படிப் போக வேண்டியதில்லை. சட்டம் உங்கள் பக்கமும் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 289-வது பிரிவு. அபராதம் 1,000 ரூபாய் வரைதான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 291-வது பிரிவு. 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முட்டும் மாட்டுக்கும் இதே சட்டம்தான்.

எது குற்றம்?

நாய் வளர்ப்பது குற்றமல்ல. உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், தெரிந்தோ அலட்சியத்தாலோ போதிய காவல் செய்யாமல் விடுவதுதான் குற்றம். எலும்பு முறிவு, முகத்தில் மாறாத வடு, 15 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாத நிலை ஆகியவை கொடுங்காயத்தில் சேரும்.

வாட்ச்மேன்களே, கவனியுங்கள்! சட்டம் "சொந்தக்காரர்" என்று சொல்லவில்லை. பிராணியை வசத்தில் வைத்திருப்பவர் என்கிறது. முதலாளியின் நாயை உலாவ அழைத்துப் போகும் நம்மவர் மீதும் வழக்கு பாயலாம். கடிக்கும் நாய் என்றால் சங்கிலியும் வாய்மூடியும் கேட்டு வாங்குங்கள்.

கடிபட்டால்?

முதலில் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வெறிநோய்த் தடுப்பூசியைச் சொன்ன தேதிகளில் தவறாமல் போடுங்கள். நோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு போலீஸ் நிலையம். இது போலீசார் நேரடியாக வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதலாம். மருத்துவச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் சிவில் கோர்ட்டில் தனியே நஷ்டஈடு கேட்கலாம்.

நூறு ரூபாயோடு முடிகிற விஷயமல்ல இது. போனால் வராதது உயிர்.