உப்பளப் பாத்தியில் மூன்று நிலைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் புத்தளம், சாமிதோப்பு, தாமரைக்குளம் பகுதிகளில் உள்ள உப்பளங்கள், திண்மம், நீர்மம், வளிமம் என்னும் பருப்பொருளின் மூன்று நிலைகளையும் ஒரே பாத்தியில் காட்டுபவை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பங்கு சோடியம் குளோரைடு என்னும் சமையல் உப்பே.

பாத்தியில் பாய்ச்சிய நீர் அதன் வடிவத்தை ஏற்றுக்கொண்டாலும் கன அளவில் மாறுவதில்லை. நீரின் மூலக்கூறுகள், அதாவது நீரின் தன்மை குன்றாத மிகச் சிறிய துகள்கள், ஒன்றையொன்று ஈர்த்து நெருங்கியிருந்தும் நிலையான இடமின்றி வழுக்கி நகர்வதே இதற்குக் காரணம். அவை அனைத்தும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை என்பதே இங்கு மிகவும் கருதத்தக்கது. 100 பாகை செல்சியசில்தான் கொதிக்கும் நீர், அதனினும் மிகக் குறைந்த வெயில் வெப்பத்திலேயே வற்றுவது, மேற்பரப்பிலுள்ள விரைவு மிக்க மூலக்கூறுகள் அண்டைத் துகள்களின் ஈர்ப்பை மீறி வெளியேறுவதாலும், கடற்காற்று அவற்றை மீளவிடாமல் அகற்றிவிடுவதாலுமே ஆகும். இவ்வாறு பிரிந்த துகள்களுக்கிடையே உள்ள வெளி மிகப் பெரிது: ஒரு லிட்டர் நீர் 100 பாகையில் முழுவதும் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தை நிரப்பும்.

உப்போ ஆவியாவதில்லை. நீரில் அது மின்னேற்றம் பெற்ற துகள்களாகிய அயனிகளாகப் பிரிந்திருக்கிறது. கடல்நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, அடர்த்தி போமே அளவையில் சுமார் 25 பாகையை எட்டும்போது, முன்னரே ஜிப்சம் படிந்துவிட்ட அந்நீரில் உப்பு பரல்களாக விளையத் தொடங்குகிறது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் ஆறு சோடியம் அயனிகளும் சூழ்ந்து நிற்கும் ஒழுங்கினால்தான் உப்புப் பரல் கனசதுர வடிவம் கொள்கிறது. திண்மத்தின் துகள்கள் அசைவற்றவை என்று கருதுவது பிழை. அவை தத்தம் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. உப்பின் அயனிகளுக்கிடையிலான பிணைப்பை வெப்பத்தால் மட்டும் தளர்த்தி அதை உருக்க 801 பாகை செல்சியசு வேண்டும்.

ஆனால் அத்துணை வலிய பிணைப்பையும் நீர் மூலக்கூறுகள் சாதாரண வெப்பநிலையிலேயே அவிழ்த்துவிடுகின்றன. அயனிகளை அவை தனித்தனியே சூழ்ந்து இழுப்பதே கரைதல். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில் உப்பு விளையும் காலம் குறுகியதாக இருப்பதும் இதனாலேயே. நாஞ்சில் நாட்டுப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள், மழை தொடங்குமுன் மாணவர்களை ஒருமுறையேனும் இப்பாத்திகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.