சீட்டுக்கட்டும் நிகழ்தகவும்



ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நான் வகுப்பில் அடிக்கடி செய்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நாணயத்தைப் பலமுறை சுண்டிக்கொண்டே இருப்பேன். எப்போதாவது தொடர்ந்து ஐந்து முறை தலையே விழும். உடனே நிறுத்தி, "அடுத்து என்ன விழும்?" என்று வினவுவேன். "பூ!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கூறும். காரணம் கேட்டால், "தலை விழுந்தது போதும் ஐயா, இனிப் பூவின் முறை" என்பார்கள். சீட்டாட்டத்தில் பொருளை இழந்தோர் பலர் எண்ணியதும் இதுவே. இவ்வெண்ணம் சரியானதுதானா என்பதைப் போக்கர் என்னும் ஆட்டத்தைக் கொண்டு ஆராய்வோம்.

போக்கர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தில் வழங்கி, மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகள் வழியே பரவிய ஆட்டமாகும். அதன் பழைய வகையில் ஒவ்வொருவருக்கும் ஐந்து சீட்டுகள் வழங்கப்படும். 52 சீட்டுகளிலிருந்து ஐந்தினை எத்தனை வகையாக எடுக்கலாம்? கணக்கிட்டால் 25,98,960 என்று விடை வரும். நன்கு கலைத்த கட்டில் இவ்வகைகள் அனைத்திற்கும் சம வாய்ப்பு உண்டு.

இவற்றுள், ஐந்தும் ஒரே இனமாக, ஆனால் அடுத்தடுத்த எண்களாக அல்லாமல் அமைபவை 5,108. இனம் கலந்து, ஐந்தும் அடுத்தடுத்த எண்களாக அமைபவை 10,200. முன்னது அரிது, ஆகவே ஆட்ட விதியில் அது பின்னதை வெல்கிறது. ஒரே இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆசு என்னும் ஐந்தும் ஒருங்கே அமைபவை நான்கே நான்கு. அதாவது 6,49,740-இல் ஒன்று. இதுவே யாவற்றிலும் உயர்ந்தது. மாறாக, ஓர் இணைகூட அமையாத வெறுங்கை நூற்றுக்கு ஏறக்குறைய 50 முறை வருகிறது. அரியது பெரியது என்பதே இங்கு முறை. ஆட்டத்தின் வெற்றி வரிசை நிகழ்தகவின் வரிசையே அன்றி வேறன்று.

இனி, ஓர் ஆட்டக்காரரின் நிலையைக் காண்போம். அவர் கையில் நான்கு ஆட்டின் சீட்டுகளும், பயனற்ற வேறொரு சீட்டும் உள்ளன. பந்தயத்தில் தொடர்ந்தால் அந்த ஒன்றைக் கொடுத்து வேறொன்று வாங்கலாம். அவர் காணாத சீட்டுகள் 47. அவற்றுள் ஆட்டின் 9, பிற 38. ஆகவே, ஐந்தாவது ஆட்டின் கிடைக்கும் நிகழ்தகவு 47-இல் 9. இதனையே, பாதகம் 38-க்குச் சாதகம் 9 என விகிதமாகவும் கூறலாம். ஏறத்தாழ நான்கேகாலுக்கு ஒன்று என்று கொள்க.

இவ்வாய்ப்பு நல்லதா, தீயதா? வாய்ப்பை மட்டும் நோக்கி விடை கூற இயலாது. அதன் விலையையும் நோக்க வேண்டும். நடுவில் 100 டாலர் சேர்ந்திருக்கிறது. தொடர்வதற்கு அவர் 20 டாலர் வைக்க வேண்டும். ஆட்டின் வந்தால் வெற்றி உறுதி. அதன்பின் பந்தயம் ஏதும் இல்லை என எளிமைக்காகக் கொள்வோம். இத்தகைய 47 ஆட்டங்களில் சராசரியாக 9 முறை வென்று 900 டாலர் பெறுவார். 38 முறை தோற்று 760 டாலர் இழப்பார். மிகுவது 140. நடுவில் இருப்பது 60 டாலரே எனின், பெறுவது 540, இழப்பது 760. அதே சீட்டுகள், அதே நிகழ்தகவு. ஆயினும் முன்னது அறிவுடைய செயல், பின்னது பேதைமை.

1654-ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவர், இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று கடிதங்கள் வாயிலாக ஆராய்ந்தனர். வாய்ப்பையும் தொகையையும் பெருக்கி மதிப்பிடும் இவ்வழி அவ்வாராய்ச்சியிலிருந்து கிளைத்ததே.

இப்போது வகுப்பறை வினாவுக்குத் திரும்புவோம். ஒரே ஆட்டத்துக்குள், வெளிப்பட்ட சீட்டு மீண்டும் வராது. ஆகவே 52 என்பது 47 ஆகிறது. ஆனால், கட்டினைச் சேர்த்துக் கலைத்தபின் பழைய கணக்கு அழிந்துவிடுகிறது. பத்து ஆட்டம் தோற்றவருக்கும் பத்து ஆட்டம் வென்றவருக்கும் அடுத்த ஆட்டத்துச் சீட்டுகளின் வாய்ப்பு ஒன்றே. நாணயத்திற்கும் நினைவில்லை, கலைத்த கட்டுக்கும் நினைவில்லை. நினைவு மனிதனுக்கே உண்டு. "இவ்வளவு இழந்தேன், இனி வந்தே தீரும்" என்று அவனைத் தூண்டுவது அந்நினைவே. நீண்ட காலச் சராசரி ஒருநாளும் கடன் தீர்க்க வருவதில்லை.

மேலும் ஒன்று. ஆட்டத்தை நடத்தும் நிலையத்தார் பந்தயத் தொகையில் ஒரு பங்கினைத் தமக்கென எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே, ஆடுவோர் அனைவரும் சேர்ந்து வைத்த தொகையைவிட, அனைவரும் சேர்ந்து பெறும் தொகை குறைவே. சம திறமையுடையோர் நெடுங்காலம் ஆடினால் சராசரியாக எல்லோரும் இழப்பர். இணைய வழியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. சட்டம் ஒரு வேலி. கணக்கறிவு மற்றொரு வேலி. பின்னதை நாமே நமக்கு அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, நன்கு கலைத்து, ஐந்தைந்தாக நூறு முறை எடுத்துக் குறித்துப் பாருங்கள். காசு வேண்டியதில்லை, தாளும் எழுதுகோலும் போதும். வெறுங்கை ஏறக்குறைய ஐம்பது முறை வருவதைக் காண்பீர்கள். அடுத்த முறை என்ன வரும் என்பதை மட்டும் அக்குறிப்பு உங்களுக்குச் சொல்லாது. அதனை உணர்ந்தவர் நிகழ்தகவின் முதற்பாடத்தைக் கற்றவராவார்.