மணமக்கள் இருவருக்கு மண்டபம் எவ்வளவு பெரிது?

மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்த மகிழ்ச்சி, பல வீடுகளில் ஒருநாள்கூட நிலைப்பதில்லை. மறுநாளே "மண்டபம் கிடைத்ததா?" என்ற கவலை வந்து சூழ்ந்துகொள்கிறது. நமது கோட்டக்குப்பத்தில் வசதியான மண்டபம் அமையாவிட்டால், எல்லையைத் தாண்டிப் புதுச்சேரியில் தேடுகிறோம். நூறு பேரை அழைத்தால் போதும் என எண்ணியிருந்த தந்தை, ஆயிரம் பேர் அமரும் கூடத்திற்கு முன்பணம் கட்டிவிட்டு, அதை நிரப்ப ஆள் தேடுகிறார், கடனும் தேடுகிறார்.

திருமணத்திற்கு இத்தனை பெரிய இடம் தேவைதானா?

நிக்காஹ்வுக்கு வேண்டியவை பெண்ணின் வலீ, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல், மஹர் ஆகியவையே. இன்ன இடத்தில்தான் நடக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மதீனாவில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மணமுடித்த செய்தியை, அவர்தம் ஆடையில் படிந்திருந்த மஞ்சள் நறுமணப் பூச்சைக் கண்டு வினவிய பின்னரே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிந்தார்கள். தம்மை அழைக்கவில்லையே என வருந்தவில்லை. ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு கூறினார்கள்.

நம்மூரில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அங்கே சட்டப்படியான திருமணம் நடைபெறுவது 'மேரி' எனப்படும் நகர மன்றத்தில்தான். அலுவலர் சட்டப் பிரிவுகளை வாசிக்க, மணமக்கள் சம்மதம் கூறி, சாட்சிகளுடன் கையொப்பமிடுகின்றனர். சமயச் சடங்கு அதற்குப் பின்னரே. புதுச்சேரிக் கடற்கரையில், 2014 மழையில் இடிந்து, மீண்டும் கட்டப்பெற்று 2021இல் திறக்கப்பட்ட கட்டடத்திற்கும் இப்பெயரே வழங்குகிறது.

நம் நாட்டின் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமோ முப்பது நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் கேட்கிறது. திருமண அலுவலரின் அலுவலகத்திலோ, அதற்கு அருகே மணமக்கள் விரும்பும் வேறோர் இடத்திலோ அதனை நடத்தலாம். ஆனால் இச்சட்டப்படி மணமுடிப்போரின் வாரிசுரிமை ஷரீஅத்தின்படி அமையாது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படியே அமையும். இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

இவை அனைத்தும் வேண்டுவது திருமணம் மறைவாக நடைபெறக் கூடாது என்பதையே. ஊரறியச் செய்வது வேறு. ஊரையே திரட்டுவது வேறு!

நம்மில் பலர் மண்டபத்திற்குக் காட்டும் அக்கறையைப் பதிவுக்குக் காட்டுவதில்லை. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லாச் சமயத்தாருக்கும் உரியது. நிக்காஹ் முடிந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. ஜமாஅத் தஃப்தரில் எழுதியதே போதுமென இருந்துவிடலாகாது. இச்சட்டம் இம்மாநிலத்தில் நடக்கும் திருமணங்களுக்கே உரியதாதலால், புதுச்சேரி மண்டபத்தில் நிக்காஹ் நடத்துவோர் எங்கே பதிவது என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நாளை கணவன் கைவிட்டாலோ, மௌத்தானாலோ, அப்பெண் தான் மனைவி என்பதை மெய்ப்பிக்க வேண்டிவரும். அன்று பிரியாணி உண்டு சென்ற ஆயிரம் பேரில் எத்தனை பேர் சாட்சி சொல்ல வருவர்? ஒரு தாள் வரும்.

எனவே நிக்காஹ்வைப் பள்ளிவாசலில் அஸருக்குப் பின் நடத்தலாம். பெண்களுக்கு அங்கே இட வசதி இல்லையெனில், பிள்ளைகள் ஓதிச் சென்றபின் ஓய்ந்து கிடக்கும் மதரஸாக் கூடத்தை ஜமாஅத்தார் திறந்துவிடலாம். மணப்பெண்ணின் தாயும் சகோதரிகளும் ஈஜாப் கபூலைத் தம் காதால் கேட்கட்டும். வலீமாவுக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒரு பந்தல் போதும்.

மண்டப வாடகையில் மிச்சமாகும் பணம், கடனில்லாத உறக்கத்தை ஒரு தந்தைக்குத் தரும். அத்தகைய எளிய திருமணங்களில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக!